பழைய டிஜிட்டல் கேமரா வாங்கப் போறீங்களா? முதல்ல வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்க

நண்பர்களோடு வெளியே போனால் இப்போதெல்லாம் யாராவது ஒருவர் பையிலிருந்து சின்னதாக ஒரு கேமராவை எடுக்கிறார். "ஒன்னு, ரெண்டு, மூனு..." பளிச்!

அதே பையில் பல மடங்கு விலையுள்ள திறன்பேசி இருக்கிறது. ஆனாலும் படம் எடுப்பது 15 வயதுக் கேமராவில்தான்.

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. இணையத்தில் ஒருவரிடமிருந்து 90 வெள்ளிக்குப் பழைய கேமரா ஒன்றை வாங்கினேன். இரண்டே மாதத்தில் அதன் லென்ஸ் பாதியில் சிக்கிக்கொண்டது.

அதைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பாட்டி எட்டிப் பார்த்தார்.

"இதே மாதிரி ஒன்னு நம்ம வீட்லயே கெடக்குதே. அதையா காசு குடுத்து வாங்குன?"

அலமாரியின் அடித்தட்டில், பிஸ்கட் டின் ஒன்றுக்குள் இருந்தது தாத்தாவின் கேமரா. உள்ளே மெமரி கார்டும் அப்படியே இருந்தது.

அந்தக் கார்டைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில், இந்தக் கேமராக்கள்மீது ஏன் இவ்வளவு மோகம், காசு கொடுக்குமுன் எதைப் பார்க்கவேண்டும் என்று தெரிந்துகொள்வோம்.

ஒரு காலத்தில் எல்லார் கையிலும் இருந்தது

உலகச் சந்தைக்கு ஜப்பானிய கேமரா நிறுவனங்கள் 2010ஆம் ஆண்டில் அனுப்பிய டிஜிட்டல் கேமராக்கள் சுமார் 120 மில்லியன். அவற்றில் பெரும்பாலானவை சட்டைப்பைக்குள் அடங்கும் சின்னக் கேமராக்கள்.

பிறகு திறன்பேசி வந்தது. 2023இல் அந்த எண்ணிக்கை 8 மில்லியனைக்கூட எட்டவில்லை.

அப்படியென்றால் அந்தப் பழைய கேமராக்கள் எல்லாம் எங்கே? குப்பைக்குப் போனவை போக, மற்றவை வீடுகளில்தான் இருக்கின்றன. துணி அலமாரியில், டிவிக்குக் கீழே உள்ள இழுப்பறையில், பழைய சார்ஜர்களோடு சுருண்டு கிடக்கின்றன.

படம் ஏன் வேறு மாதிரி இருக்கு?

"பழைய கேமராவில் எடுத்தா படம் உயிரோட இருக்கு" என்று பலர் சொல்வதுண்டு. அதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதல் காரணம் ஃபிளாஷ். திறன்பேசியில் இருப்பது சின்ன எல்இடி விளக்கு. பழைய கேமராவில் இருப்பது செனான் வாயு நிரப்பிய குழாய். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு போன்ற மிகக் குறுகிய நேரத்தில் அது பலமான வெளிச்சத்தைக் கொட்டிவிடும். முகம் பளிச்சென்று தெரியும், பின்னணி இருட்டாகவே இருக்கும். பார்ட்டியில் எடுத்த படங்களின் அந்தத் 'தோற்றம்' பெரும்பாலும் இதனால்தான்.

இரண்டாவது காரணம் கணக்கு. திறன்பேசியில் நீங்கள் பொத்தானை அழுத்துவது ஒரு முறைதான். ஆனால் அது பல படங்களை எடுத்து, ஒன்றாகச் சேர்த்து, இருட்டான இடத்தை வெளுப்பாக்கி, புள்ளிகளைத் துடைத்து, ஓரங்களைக் கூர்மையாக்கித் தருகிறது. பழைய கேமரா எடுப்பது ஒரே ஒரு படம். இருட்டு இருட்டாகவே இருக்கும். வானம் வெளுத்துப்போனால் வெளுத்ததுதான்.

மூன்றாவது காரணம் சென்சார், அதாவது ஒளியைப் பிடிக்கும் சில்லு. அன்றைய சின்னக் கேமராக்கள் பலவற்றில் அதன் அகலம் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர்தான். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. இன்றைய விலையுயர்ந்த திறன்பேசிகள் பலவற்றில் அதைவிடப் பெரிய சென்சார் உண்டு. இரவில் பழைய கேமரா படம் புள்ளி புள்ளியாக வருவது அதனால்தான்.

சுருக்கமாகச் சொன்னால், பழைய கேமரா திறன்பேசியைவிடச் சிறந்த படம் எடுப்பதில்லை. குறைவாகத் திருத்திய படத்தைத் தருகிறது. நமக்குப் பிடிப்பதும் அதுதான்.

'சிசிடி' என்றால் விலை ஏறுமா?

விற்பனை விளம்பரங்களில் 'சிசிடி' என்ற சொல்லை நிச்சயம் பார்த்திருப்பீர்கள். அந்தச் சொல் இருந்தாலே விலை கொஞ்சம் கூடிவிடுகிறது.

சிசிடி என்பது ஒரு வகை சென்சார். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லர்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் இருவரும் அதை உருவாக்கினர். அதற்காக 2009இல் இயற்பியலுக்கான நோபெல் பரிசில் அவர்களுக்குப் பங்கு கிடைத்தது.

தீ பிடித்த இடத்தில் மக்கள் வரிசையாக நின்று வாளித் தண்ணீரைக் கைமாற்றி அனுப்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். சிசிடி அப்படித்தான் வேலை செய்கிறது. ஒவ்வொரு புள்ளியிலும் சேர்ந்த மின்னூட்டம் அடுத்தடுத்த புள்ளிக்கு நகர்ந்து, கடைசியில் ஒரே வாசல் வழியாக வெளியே வருகிறது.

பின்னர் வந்த சீமாஸ் சென்சாரில் ஒவ்வொரு புள்ளிக்கும் சொந்தக் குழாய் இருப்பதுபோல. வரிசையில் காத்திருக்கத் தேவையில்லை. வேகம் அதிகம், மின்சாரச் செலவு குறைவு. இன்றைய திறன்பேசிகளில் இருப்பது சீமாஸ்தான்.

சரி, 'சிசிடி நிறம்' என்று சொல்கிறார்களே? நிறத்தைத் தீர்மானிப்பவை சென்சாருக்கு மேலே உள்ள வண்ண வடிகட்டியும், படத்தைக் கேமரா எப்படிச் சமைத்துத் தருகிறது என்பதும்தான். சிசிடி என்ற பெயர் மட்டும் நிறத்தைக் கொடுத்துவிடாது.

ஒரு எடுத்துக்காட்டு. இளையர்கள் தேடி அலையும் கேமராக்களில் ஒன்று 2016இல் வந்த கேனான் இக்சஸ் 285 எச்எஸ். மவுசு கூடியதால் அந்த மாடலையே 2025இல் சிறு மாற்றங்களோடு நிறுவனம் மீண்டும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் இருப்பது சிசிடி அல்ல, சீமாஸ்!

ஆகவே 'சிசிடி' என்ற ஒரு சொல்லுக்காக மட்டும் கூடுதலாகக் காசு கொடுக்காதீங்க. அந்தக் கேமராவில் எடுத்த படத்தைக் காட்டச் சொல்லுங்க. பிடித்திருந்தால் வாங்குங்க.

நம் ஊர் ஈரக்காற்று

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கேமராவுக்கு மிகப்பெரிய எதிரி மழை அல்ல. வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஈரப்பதம்.

பல ஆண்டுகளாக மூடிக் கிடந்த லென்ஸுக்குள் பூஞ்சணம் வளரும். பார்ப்பதற்குச் சிலந்தி வலை நூல்போல இருக்கும். அதிகமானால் படம் மங்கும். சின்னக் கேமராவைப் பிரித்துச் சுத்தம் செய்யும் செலவு அதன் விலையையே தாண்டிவிடலாம்.

சென்சாரும் தப்பவில்லை. 2000களின் முற்பாதியில் வந்த சில கேமராக்களின் சிசிடி சென்சார்கள் வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டுப்போயின. படம் ஊதா நிறமாகச் சிதைந்து வந்தது, அல்லது முழுக்கக் கறுப்பாக வந்தது. 2005இல் பல நிறுவனங்கள் அவற்றை இலவசமாகப் பழுதுபார்த்துத் தந்தன. இன்று அந்தச் சலுகை கிடைக்காது.

வாங்குமுன் ஐந்து நிமிடச் சோதனை

பெனின்சுலா கடைத்தொகுதி, சிம் லிம் ஸ்குவேர் போன்ற இடங்களில் வாங்கினாலும் சரி, எம்ஆர்டி நிலையத்தில் ஒருவரைச் சந்தித்து வாங்கினாலும் சரி, இவற்றைச் செய்யுங்கள்:

- ஐந்து முறை போட்டு அணையுங்கள். லென்ஸ் தடையில்லாமல் வெளியே வந்து உள்ளே போகவேண்டும். கரகரவென்று சத்தம் வந்தால் உள்ளே மணல் இருக்கலாம். என் 90 வெள்ளி போனது இதைச் செய்யாததால்தான்!

- திறன்பேசியின் டார்ச் விளக்கை லென்ஸின்மீது சாய்வாக அடியுங்கள். நூல் போலவோ மூடுபனி போலவோ தெரிந்தால் வேண்டாம்.

- வெள்ளைச் சுவரைப் படம் எடுங்கள். கறுப்புத் திட்டுகள் தெரிந்தால் சென்சாரில் தூசி.

- லென்ஸைக் கையால் மூடி ஒரு படம் எடுங்கள். நட்சத்திரம்போலப் புள்ளிகள் மின்னினால் சென்சார் பழுதாகத் தொடங்கிவிட்டது.

- பேட்டரியை வெளியே எடுத்துப் பாருங்கள். வீங்கியிருந்தால் அதை சார்ஜ் செய்யவே கூடாது. அதே வகை பேட்டரி இன்னும் கிடைக்கிறதா என்று முன்கூட்டியே தேடிப் பாருங்கள். சாதாரண ஏஏ பேட்டரியில் ஓடும் கேமரா என்றால் அந்தக் கவலை இல்லை.

- என்ன கார்டு வேண்டும் என்று கேளுங்கள். 2006க்கு முன்பு வந்த கேமராக்கள் பொதுவாக 2 ஜிபி வரை உள்ள எஸ்டி கார்டைத்தான் படிக்கும். உங்களிடம் உள்ள 64 ஜிபி கார்டு அதில் வேலை செய்யாது. சில பழைய ஒலிம்பஸ், ஃபியூஜிஃபில்ம் கேமராக்களுக்கு எக்ஸ்டி கார்டு வேண்டும். பழைய சோனி கேமராக்களுக்கு மெமரி ஸ்டிக். இவை இப்போது எளிதில் கிடைப்பதில்லை.

- மெனுவைத் திறந்து மொழியைப் பாருங்கள். ஜப்பானில் விற்பதற்காகவே செய்த சில கேமராக்களில் ஜப்பானிய மொழியைத் தவிர வேறு மொழி இருக்காது.

இன்னொன்று. பழுதானால் நீங்களே திருகாணியைக் கழற்றவேண்டாம். ஃபிளாஷுக்காக உள்ளே இருக்கும் மின்தேக்கியில் சுமார் 300 வோல்ட் சேர்ந்திருக்கலாம். பேட்டரியை எடுத்த பிறகும் அது உடனே போய்விடாது. ஷாக் பலமாக அடிக்கும்.

வாங்கிய பிறகு பழுதானால்?

யாரிடமிருந்து வாங்கினீர்கள் என்பதுதான் இங்கே முக்கியம்.

சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து 'லெமன் சட்டம்' நடப்பில் உள்ளது. கடையில் வாங்கிய பொருளில் ஆறு மாதத்துக்குள் குறை தெரியவந்தால், வாங்கும்போதே அந்தக் குறை இருந்ததாகத்தான் கருதப்படும். அப்படி இல்லை என்று நிரூபிக்கவேண்டியது கடைக்காரரின் பொறுப்பு. பழுதுபார்த்துத் தரவோ, மாற்றித் தரவோ கேட்கலாம். அது முடியாவிட்டால் விலைக்குறைப்போ பணமோ கேட்கலாம்.

பழைய பொருள்களுக்கும் அது பொருந்தும். ஆனால் அவற்றின் வயதும் விலையும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். வாங்கும்போதே உங்களுக்குத் தெரிந்த குறைக்குப் பிறகு புகார் சொல்லமுடியாது.

இணையத்தில் தனிமனிதர் ஒருவரிடமிருந்து வாங்கினால் அந்தச் சட்டம் பொருந்தாது. என் நிலைமை அதுதான். "வாங்கும்போது நல்லாத்தானே இருந்துச்சு" என்று விற்றவர் சொன்னார். அதற்குமேல் பேச என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

எனவே நேரில் சந்தியுங்கள். சோதித்துப் பார்த்த பிறகே பணத்தை அனுப்புங்கள். "லென்ஸ், ஃபிளாஷ், பேட்டரி எல்லாம் வேலை செய்யுதா?" என்று குறுஞ்செய்தியிலேயே கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே ஒன்று கிடைத்தால்?

இப்போது பிஸ்கட் டின்னுக்கு வருவோம்.

தாத்தாவின் கேமராவில் புது ஏஏ பேட்டரி இரண்டைப் போட்டேன். திரை ஒளிர்ந்தது! முதலில் தேதியை அமைக்கச் சொன்னது. அதில் பயப்பட ஒன்றுமில்லை. உள்ளே கடிகாரத்துக்கான சின்ன பேட்டரி தீர்ந்துபோனால் அப்படித்தான் கேட்கும்.

அடுத்து வந்ததுதான் ஆபத்து. 'கார்டில் பிழை. ஃபார்மட் செய்யவா?'

என் விரல் 'ஓகே' பொத்தான்மேல் இருந்தது. ஃபார்மட் என்றால் கார்டை வெறுமையாக்கிப் புதிதாகத் தயார்செய்வது. அதில் எதுவும் இருக்காது என்றுதான் நினைத்தேன். ஆனாலும் ஒரு சந்தேகத்தில் அணைத்துவிட்டேன்.

கார்டை வெளியே எடுத்து, அதன் தங்க நிறத் தகடுகளை உலர்ந்த மென்துணியால் துடைத்து, கணினியில் செருகிப் பார்த்தேன். 312 படங்கள்.

வீட்டில் எப்போதும் கேமராவைப் பிடித்திருந்தவர் தாத்தா. அதனால் ஆல்பங்களில் அவர் படம் மிகக் குறைவு. இந்தக் கார்டில் ஒன்று இருந்தது. புதுக் கேமராவைச் சோதித்துப் பார்க்க, கண்ணாடி முன்னால் நின்று தன்னையே எடுத்திருக்கிறார். ஃபிளாஷ் வெளிச்சத்தில் பாதி முகம்தான் தெரிகிறது.

பாட்டி அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இத எனக்குப் பெருசா போட்டுக் குடு" என்று மட்டும் சொன்னார்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கேமரா கிடைத்தால் இந்த வரிசையில் செய்யுங்கள்:

- கேமராவை இயக்குமுன் கார்டை வெளியே எடுங்கள். எஸ்டி கார்டின் ஓரத்தில் உள்ள சின்னப் பூட்டை 'லாக்' பக்கம் தள்ளுங்கள். அதன்பின் அதில் எதையும் தவறுதலாக அழிக்கமுடியாது.

- கார்டு ரீடர் மூலம் எல்லாப் படங்களையும் கணினிக்கு நகலெடுங்கள். இன்னொரு நகலை வேறோர் இடத்தில் வையுங்கள்.

- கார்டே இல்லையா? கேமராவை இயக்கிப் பாருங்கள். சில நிக்கான், கோடாக் மாடல்களில் கேமராவுக்குள்ளேயே கொஞ்சம் நினைவகம் உண்டு. அதில் சில படங்கள் இருக்கலாம்.

- ஃபார்மட் செய்யச் சொன்னால் வேண்டாம் என்று அழுத்துங்கள். கணினியாலும் கார்டைப் படிக்க முடியவில்லை என்றால் அதில் புதிதாக எதையும் பதிவு செய்யாதீர்கள். புதுப் படம் பழைய படத்தின் இடத்தில் எழுதிவிட்டால் மீட்பது கடினம்.

- நீங்கள் படம் எடுக்க வேறு கார்டைப் பயன்படுத்துங்கள்.

இதைத் தள்ளிப்போடவும் வேண்டாம். மெமரி கார்டு படங்களை மின்னூட்டமாகத்தான் வைத்திருக்கிறது. பல ஆண்டுகள் சும்மா கிடந்தால் அது மெல்ல மெல்லக் கசியக்கூடும்.

கேமராவை விற்பதாக இருந்தால் கார்டைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். நீங்கள் அழித்த படங்களையும் மென்பொருள் மூலம் மற்றவர் மீட்டெடுக்கக்கூடும்.

தாத்தாவின் கேமரா இப்போது என் பையில் இருக்கிறது. அவருடைய கார்டு ஓர் உறைக்குள், தேதி எழுதி, பாட்டியின் அலமாரியில் இருக்கிறது.

இந்த வாரயிறுதியில் ஒரு முறை உங்கள் வீட்டு இழுப்பறையைத் திறந்து பாருங்களேன். கேமரா வேலை செய்யாவிட்டாலும் பரவாயில்லை, கார்டு இருக்கிறதா பாருங்க.