ராம் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

காலை 7.20. வல்லக்கோட்டை ஸ்டாப்ல நிக்கிறீங்க. ஒரகடத்துக்குப் போற கம்பெனி பஸ் எல்லாம் வரிசையா போகுது, நம்ம காலேஜ் பஸ்ஸை மட்டும் காணோம். நாங்க நாலு பேர் எழுதின பஸ் ஆப்பைத் திறந்தா, வண்டி இன்னும் ஸ்ரீபெரும்புதூர்லயே நிக்குதுன்னு காட்டுது. அதை நம்பி டீ குடிக்கப் போன முதலாண்டுத் தம்பி ஒருத்தன் அன்னைக்கு பஸ்ஸையும் விட்டான், லேப் மாடல் தேர்வையும் விட்டான்.

2021 ஏப்ரல் 28-ல கோவின்ல 18 வயசுக்கு மேற்பட்டவங்களுக்குப் பதிவு தொடங்கினப்போ, ஓடிபி வராம உங்க வீட்லயும் யாராவது திணறியிருப்பாங்க. அன்னைக்கு ஒரே நாள்ல 1.3 கோடி பேருக்கு மேல பதிவு பண்ணாங்க. எங்களுக்கு அந்த சாக்கும் இல்லை. மொத்தமே 20 பஸ், சில நூறு பேர்.

எங்களோடது ஒரே ஒரு சிபியு, 1 ஜிபி ராம் உள்ள வாடகை சர்வர். "2 ஜிபி பிளானுக்கு மாறிடலாம்டா"ன்னுதான் முதல்ல பேசினோம். காசு எங்க பாக்கெட்ல இருந்து போகணும்ங்கிறதால, எதுக்கும் ஒரு தடவை பார்த்துடலாம்னு உட்கார்ந்தோம்.

லினக்ஸ்ல 'ஃப்ரீ' கட்டளை அடிச்சா மிச்ச ராம் ரொம்பக் கம்மின்னு காட்டும். அதைப் பார்த்துப் பயந்துடாதீங்க. சும்மா கிடக்கிற ராம்ல, டிஸ்க்ல இருந்து படிச்சதோட நகலை லினக்ஸ் வச்சுக்கும். ஆப் கேட்டா விட்டுக்கொடுத்துடும். நீங்க பார்க்க வேண்டியது 'அவைலபிள்'ங்கிற கடைசிக் கட்டம். 2014-ல வந்த 3.14 கெர்னல்லதான் இந்தக் கணக்கு சேர்ந்தது. எங்களுக்கு அதுவே 40 எம்பிக்குக் கீழ இருந்தது.

அடுத்து 'டாப்'. லோடு ஆவரேஜ் 14. ஆனா நம்ம ப்ரோகிராமுக்கு சிபியு செலவழிச்ச நேரம் 8%தான்! லோடுன்னா சிபியுவோட வேலைன்னு தான் நாலு வருஷமா நினைச்சிருந்தேன். ஆனா லினக்ஸ் 1993-ல இருந்தே டிஸ்க்குக்காகக் காத்திருக்கிற ப்ராசஸையும் அதுல சேர்த்து எண்ணுது. ஷிஃப்ட் முடியற நேரத்து டீக்கடையை நினைச்சுக்கோங்க. வெளியே 14 பேர் நிக்கிறாங்க, மாஸ்டரும் சும்மாதான் நிக்கிறார். பால் வரலை. அங்க போய் இன்னொரு மாஸ்டரைச் சேர்த்து என்ன பிரயோஜனம்? டாப்ல 'டபிள்யூஏ'ன்னு ஒரு எண் இருக்கும், அதுதான் பாலுக்குக் காத்திருக்கிற நேரம். எங்களுக்கு 80-ஐத் தாண்டியிருந்தது.

ஏன் டிஸ்க்குக்கு இவ்வளவு ஓட்டம்? 'விஎம்ஸ்டாட்' போட்டதும் புரிஞ்சுது. ஸ்வாப் உள்ளே, வெளியே ரெண்டு கட்டமும் நிக்காம ஓடிட்டே இருந்தது. ராம்ல இடமில்லாததை டிஸ்க்ல தள்ளி, திரும்ப எடுத்து, மறுபடி தள்ளி. குற்றவாளி நான்தான். முந்தின ராத்திரி, வேகமா ஓடட்டும்னு கூனிகார்ன் வொர்க்கரை 3-ல இருந்து 9 ஆக்கியிருந்தேன். ஒண்ணுக்கு கிட்டத்தட்ட 100 எம்பின்னா, 900 எம்பி அங்கேயே போச்சு. சிபியு எண்ணிக்கையை ரெண்டால பெருக்கி ஒண்ணு கூட்டுங்கன்னு அதோட டாக்குமென்டேஷன்லயே இருக்கு. எங்களுக்கு 3.

திரும்ப 3 ஆக்கினதும் ஸ்வாப் அடங்கிடுச்சு. ஆனா இப்போ சிபியு 95%! டாப் பட்டியல்ல முதல் ஆள் போஸ்ட்கிரெஸ். ஒவ்வொரு பஸ்ஸும் 5 நொடிக்கு ஒரு தடவை இடத்தை அனுப்புது. 20 பஸ், தினம் 4 மணி நேரம், கணக்குப் போட்டா ஒரு நாளைக்கு 57,600 வரி. 30 வேலை நாள்ல 17 லட்சத்தைத் தாண்டிடும். ஒருத்தர் ஆப்பைத் திறந்தா "இந்த பஸ் கடைசியா எங்க இருந்துச்சு"ன்னு அத்தனை வரியையும் தேடுது. 'எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ்' போட்டதும் 'சீக் ஸ்கேன்'னு காட்டிக் கொடுத்துடுச்சு. பஸ் எண்ணும் நேரமும் சேர்ந்த ஒரு இன்டெக்ஸ் போட்டோம், ஒரே வரி.

அதே 1 ஜிபி சர்வர்தான் இன்னும் ஓடுது. காலைக் கூட்டத்துலயும் லோடு ஒண்ணைத் தாண்டறதில்லை. ஒரு வாரத்துக்கு மேல பழசான வரிகளை ராத்திரி 2 மணிக்கு அழிச்சுடறோம். அந்தத் தம்பிக்கு மாடல் தேர்வைத் திரும்ப வைக்கலை. ஆப்ல இப்போ "3 நிமிஷத்துக்கு முந்தின இடம்"னு சிவப்புல வருதே, அது அவன் கேட்டு வாங்கினது.