கடல் போனது, மரம் கல்லானது!

ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் போகிறவர்கள் மதிலையும் அகழியையும் பார்த்துவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். அதே பெரம்பலூர் மாவட்டத்தில், சாத்தனூரிலே, கோட்டைக்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் மூத்த அதிசயம் ஒன்று படுத்துக் கிடக்கிறது. அது ஒரு மரம். ஆனால் கோடரி பாயாது. கல்லாகிவிட்ட மரம்!

கல்லானது எப்படி?

சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பகுதி கடலாக இருந்தது. அடித்து வரப்பட்ட மரம் சேற்றில் புதைந்தது. காற்றுப் படாததால் மக்கவில்லை. நீரில் கரைந்திருந்த சிலிக்கா உள்ளே ஊறி, உருவம் கெடாமல் மரத்தைக் கல்லாக்கியது. ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள இதை 1940-இல் புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் உலகறியச் செய்தார். இன்று வேலியிட்ட பூங்காவிலே பத்திரமாக இருக்கிறது.

சிமெண்டும் அந்தக் கடலே

அந்தக் கடலின் சிப்பியும் பவழமும் சேர்ந்து இறுகியதுதான் சுண்ணாம்புக்கல். டால்மியாபுரத்திலும் அரியலூரிலும் அதை வெட்டித்தான் சிமெண்ட் செய்கிறார்கள். எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிவது அதனால்தான். சுரங்கமே கூடாதென்று யார் சொல்வார்? வெட்டி முடித்த பள்ளத்தில் நீர் தேக்கலாம், கரையில் மரம் நடலாம். ஆனால், அரைபட்டுப் போன கடற்சிப்பி திரும்பி வருமா? வெட்டுமுன் பார்த்து எடுத்து வைத்தால்தான் உண்டு. அவற்றை வைப்பதற்கு வாரணவாசியில் அருங்காட்சியகமும் இருக்கிறது.

பொறுப்பு சுரங்கக்காரருக்கு மட்டுமல்ல. காரையின் மழையரித்த மேடுகளில் கடலுயிர்ச் சின்னங்கள் சிதறிக் கிடக்கின்றன. போகிறவர்கள் கண்ணாரக் காணட்டும். பையில் போட்டுக்கொள்ள வேண்டாம்!