கோட்டை மண்ணில் கிடைத்த சிவப்பு மருந்து

செஞ்சி இராஜகிரிக் கோட்டைக்கு ஏறியிருக்கிறீர்களா? தொண்டூர்ப் பக்கத்து நண்பர்களுக்கு அது புதிதல்ல. சுமார் 800 அடி உயரம். உச்சியில் நின்று மணிக்கட்டில் நாடியை எண்ணிப் பாருங்கள். நிமிடத்திற்கு 140 கூட இருக்கும். நிழலில் உட்கார்ந்தால் வேகம் தணிந்துவிடும். ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இயல்பு.

படி ஏதும் ஏறாமல், கட்டிலில் படுத்திருப்பவருக்கே நாடி 120 என்று ஓடினால்? புற்றுநோய்க்கு மருந்து பெறுவோர் சிலரிடம் இதைக் காணலாம். காரணங்களுள் ஒன்றை அறிய வேறொரு கோட்டைக்குப் போவோம்.

இத்தாலியில் காஸ்டெல் டெல் மான்டே என்ற 13-ஆம் நூற்றாண்டுக் கோட்டை உள்ளது. 1950-களில் அதன் அருகே எடுத்த மண்ணில் சிவப்புச் சாயம் சுரக்கும் ஒரு நுண்ணுயிர் அகப்பட்டது. அதன் வழியில் பிறந்த மருந்தே டாக்சோரூபிசின். அட்ரியாட்டிக் கடலை ஒட்டி அட்ரியாமைசின் என்றும் பெயரிட்டார்கள். இரத்தப் புற்று, மார்பகப் புற்று எனப் பலவற்றுக்கும் இன்றும் தருகிறார்கள்.

செல் பிளவுபடுமுன் தன் டி.என்.ஏ. இழையை வெட்டி, முறுக்கு நீக்கி, மீண்டும் ஒட்டவேண்டும். இதைச் செய்யும் நொதியை, வெட்டியபின் ஒட்டவிடாமல் தடுக்கிறது இம்மருந்து. ஓயாமல் பிளவுபடும் புற்றுச் செல் மடிகிறது. ஆனால் இதயத் தசைச் செல் பிளவுபடுவதே அரிது; அதற்கு ஏன் அடி விழுகிறது? அதே குடும்பத்து நொதி ஒன்று அங்கும் உண்டு! இழந்த செல்லுக்கு ஈடாகப் புதியது தோன்றுவதும் அரிது.

கிணற்று வாளி ஓட்டையானால் தொட்டியை நிரப்ப அதிக முறை இறைக்கவேண்டும் அல்லவா? தசை தளர்ந்த இதயமும் அப்படியே விரைகிறது.

1979-இல் சுமார் 4,000 நோயாளிகளின் குறிப்புகளை ஆராய்ந்தார்கள். உடற்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு மொத்தம் 400 மில்லிகிராம் பெற்றவர்களில் 100-க்கு 3 பேருக்கும், 550-இல் 7 பேருக்கும், 700-இல் 18 பேருக்கும் இதயம் தளர்ந்தது. 2003-இல் வந்த ஆய்வோ 550-இலேயே 26 என்றது! அதனால்தான் இம்மருந்துக்கு வாழ்நாள் கணக்கு வைக்கிறார்கள். எக்கோ கருவியால் இதயத்தை அவ்வப்போது பார்க்கிறார்கள். சிறுவயதில் குணமானவருக்குப் பல ஆண்டுகள் கழித்தும் தளர்ச்சி வரலாம். ஆகவே பெற்ற மருந்தின் குறிப்பேட்டைப் பத்திரப்படுத்த வேண்டும்.

நாடி விரைந்தாலே இதயம் கெட்டது என்று முடிவு கட்டுவது அவசரம். சிகிச்சையால் சிவப்பணு குறைந்தாலும், வாந்தியால் நீர் வற்றினாலும், வெறும் பயத்தாலும் அது விரையும். வெள்ளணு குறைந்த வேளையில் வரும் காய்ச்சலும், நுரையீரலில் அடைக்கும் இரத்தக்கட்டியும் மிகவும் ஆபத்தானவை.

உங்கள் வீட்டில் இத்தகைய சிகிச்சை பெறுபவர் இருந்தால், காலையில் எழுந்ததும் முழு நிமிடம் அவர் நாடியை எண்ணி எழுதி வையுங்கள். வேகத்தோடு காய்ச்சல், மூச்சுத்திணறல், மார்வலி, மயக்கம் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் காத்திருக்காதீர்கள். உடனே பக்கத்து மருத்துவமனை. பிறகுதான் புதுவை ஜிப்மரோ சென்னை அடையாறோ.