நோயின் பெயரும் சட்டத்தின் சொல்லும்

நோய்க்கு இடும் பெயர் நோயாளியின் மதிப்பையும் வரையறுக்கின்றது. டிமென்ஷியா குறித்து ஜப்பானிய அரசு எடுத்த நடவடிக்கைகளில் இவ்வுண்மையைத் தெளிவாகக் காண்கிறோம்.

அந்நாட்டில் இந்நோய் முன்னர் 'சிஹோ' எனப்பட்டது. அச்சொல்லின் இரு சீன எழுத்துகளும் அறிவின்மை, மந்தம் என்னும் பொருள் தருவன. இப்பெயர் இழிவானது, நோயைத் தொடக்கத்திலேயே கண்டறியத் தடையாவது என அரசு அமைத்த குழு கருதியது. ஆகவே, 2004 டிசம்பரில் சுகாதார அமைச்சு 'நின்சிஷோ', அதாவது அறிதிறன் சார்ந்த நோய், என்னும் பெயரை ஏற்றது. மறு ஆண்டு சட்டத்திலும் சொல் மாறியது.

பெயரோடு பணி நின்றுவிடவில்லை. 2012இல் 'ஆரஞ்சுத் திட்டம்', 2015இல் 'புதிய ஆரஞ்சுத் திட்டம்' எனப் பராமரிப்புத் திட்டங்கள் தொடர்ந்தன. 2023 ஜூனில் நிறைவேறிய டிமென்ஷியா அடிப்படைச் சட்டம் 2024 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. அது ஆய்வை ஊக்குவிப்பதை அரசின் கடமையாக்குகின்றது. தேசியத் திட்டம் வகுக்கும்போது நோயுற்றோரின் கருத்தையும் குடும்பத்தாரின் கருத்தையும் கேட்க வேண்டும் என்கின்றது. மந்தர் எனப்பட்டோர் இன்று கருத்துரைப்போர் ஆகியுள்ளனர்.

தமிழில் நாம் 'முதுமை மறதி' என்கிறோம். இந்நோயோ 65 வயதுக்குக் குறைந்தோரையும் தாக்கும். நினைவை மட்டுமன்றிச் சொல்லாட்சியையும் முடிவெடுக்கும் திறனையும் குலைக்கும். மூப்பின் இயல்பே என்று பெயரே சொல்லிவிட்டால், மருத்துவரை நாடும் காலம் தாழும். 'அறிதிறன் நலிவு' போன்ற சொற்களை ஆசிரியரும் மாணவரும் வகுப்பறையில் எடைபோட்டுப் பார்த்தல் நன்று. பொருந்திய சொல்லை ஆக்கித் தருவது மொழி பயில்வோர் ஆற்றக்கூடிய பராமரிப்புப் பணியாகும்.