மருத்துவமனைப் பயணமும் நம் கரிமத் தடமும்

நாம் பயணம் செய்யும் வாகனம் எரிபொருளை எரித்து வெளியிடும் கரியமில வாயுவின் அளவே அப்பயணத்தின் ‘கரிமத் தடம்’ எனப்படுகிறது. இதை அறிய எளிய கணக்கே போதும்.

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ முக்கால் கிலோ. எரியும்போது அதிலுள்ள கரிமம் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்வதால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு உண்டாகிறது. ஒரு லிட்டர் டீசலுக்கு இது 2.7 கிலோ அளவாகும்.

காஞ்சிபுரத்திலிருந்து மேல்சிகிச்சைக்காகச் சென்னை சென்று திரும்ப ஏறத்தாழ 150 கி.மீ. ஆகிறது. லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் கார் இதற்கு 10 லிட்டர் பெட்ரோலை எரித்து 23 கிலோ வாயுவை வெளியிடும். நால்வர் சேர்ந்து சென்றால் தலைக்கு 6 கிலோவுக்கும் குறைவு. லிட்டருக்கு 5 கி.மீ. ஓடும் டீசல் பேருந்தில் 50 பேர் சென்றால், ஒருவரின் பங்கு ஒன்றரை கிலோவைச் சற்றே தாண்டும்.

உள்ளூர்ப் பயணமும் சிறிதன்று. லிட்டருக்கு 50 கி.மீ. ஓடும் இருசக்கர வாகனத்தில் நாள்தோறும் 8 கி.மீ. சென்றால், மாதத்தில் 11 கிலோ சேர்ந்துவிடும்.

கரியமில வாயு மிகுவதால் வெப்பம் கூடுகிறது. கடும் வெப்பம் இதய நோயாளிகளையும் சிறுநீரக நோயாளிகளையும் முதலில் வாட்டும். வாகனப் புகையோ ஆஸ்துமா உள்ளோரின் மூச்சைத் திணறச் செய்யும். எனவே இக்கணக்கு நம் உடல்நலத்தையும் சார்ந்ததே.

வீண் பயணத்தைத் தவிர்ப்பதே முதல் வழி. பழைய அறிக்கைகளையும் மருந்துச் சீட்டுகளையும் மறவாமல் கொண்டு வாருங்கள். பரிசோதனைகளையும் மருத்துவர் சந்திப்பையும் ஒரே நாளில் அமைக்க இயலுமா என முன்னரே கேளுங்கள். தறியில் அமராத நாள் நெசவாளருக்குக் கூலியில்லாத நாள். ஒரு பயணம் குறைந்தால் அந்நாளும் மிச்சமாகும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகள் இல்லத்துக்கே வருகின்றன. ‘இ-சஞ்சீவனி’ வழியே தொலைவிலிருந்தும் மருத்துவ ஆலோசனை பெறலாம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். மருத்துவமனை வாயிலில் காத்திருக்கும்போது வண்டியின் எஞ்சினை நிறுத்திவிடுவதும் நன்று.

ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறோம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பக்கவாத அறிகுறி போன்ற நெருக்கடியில் எந்தக் கணக்கும் வேண்டா. உடனே 108-ஐ அழையுங்கள். புற்றுநோய் மருந்தேற்றிக்கொள்வோரும் அண்மையில் அறுவை சிகிச்சை பெற்றோரும் நெரிசலான பேருந்தில் செல்லலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டறிக. குறைக்க வேண்டியவை வீண் பயணங்களே. சிகிச்சைக்கான வருகை ஒன்றுகூடத் தவறலாகாது.