குலுக்கல் சீட்டும் பக்கத்து ஊரும்: இந்தியானாவின் பள்ளிக் கூடைப்பந்து

இந்தியானா மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்தைப் பற்றி யார் எழுத உட்கார்ந்தாலும் மைலன் கதையில்தான் ஆரம்பிப்பார்கள். (இத்தாலிய மிலானின் பெயர்தான். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் 'மைலன்' என்றுதான் சொல்வார்கள்.) 1954-இல் வெறும் 161 மாணவர்கள் படித்த ஒரு கிராமத்துப் பள்ளி, மாநிலத்தின் அத்தனை பள்ளிகளையும் தாண்டி கோப்பையைத் தூக்கியது. 1986-இல் வந்த 'ஹூசியர்ஸ்' படத்துக்கு மூலம் அதுதான். நானும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் இதைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க அந்த வெற்றியைவிட, அப்படி ஒரு வெற்றிக்கு இடம் கொடுத்த போட்டி அமைப்புதான் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. அதனால் முதலில் அமைப்பு, பிறகு கதை.

குளிர்காலம் முழுக்க லீக் ஆட்டங்கள் நடக்கும். அதில் எத்தனை ஜெயித்தீர்கள், எத்தனை தோற்றீர்கள் என்பது மார்ச் மாதம் வந்ததும் செல்லாக்காசு. ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத பள்ளிக்கும் தொடரில் இடம் உண்டு. முதல் கட்டம் செக்ஷனல். அதாவது பக்கத்துப் பக்கத்து ஊர்ப் பள்ளிகளை ஒரே இடத்தில் கூட்டி, ஒரே வாரத்துக்குள் நாக்-அவுட் முறையில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது. அதில் ஜெயித்தால் ரீஜனல், அதற்கு மேல் செமி-ஸ்டேட், கடைசியில் இண்டியானாபொலிஸில் மாநில இறுதி. பழைய முறையில் 64 செக்ஷனல்கள். அதிலிருந்து பதினாறு ரீஜனல்கள், பிறகு நாலு செமி-ஸ்டேட், கடைசி நாளில் மிச்சம் நாலே அணிகள்.

இதில் வெளியூர்க்காரர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும் விஷயம், தரவரிசை இல்லாமல் நடந்தது என்பது. மற்ற பல இடங்களில் பலமான அணியும் பலமான அணியும் ஆரம்பத்திலேயே மோதிவிடாதபடி பிரித்துப் போடுவார்கள். இங்கே சீட்டுக் குலுக்கல்தான் வழக்கமாக இருந்தது. மாநிலத்தின் மிகச் சிறந்த இரண்டு அணிகள் ஒரே செக்ஷனலில் இருந்து, சீட்டும் அப்படி விழுந்தால், செவ்வாய்க்கிழமை ராத்திரியே ஒன்று வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நியாயமா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். ஆனால் குலுக்கல் நாளன்று ஊரே ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தது இதனால்தான்.

இன்னொன்று, செக்ஷனல் நடப்பது பொதுவான அரங்கத்தில் அல்ல, ஏதாவது ஒரு பள்ளியின் சொந்த அரங்கத்தில். யாரிடம் பெரிய அரங்கம் இருக்கிறதோ அவர்களுக்கு நடத்தும் வாய்ப்பு, சொந்த மண்ணில் ஆடும் வாய்ப்பு, டிக்கெட் வருமானம். இந்த ஆசைதான் சின்ன ஊர்களைப் பெரிய பெரிய அரங்கம் கட்ட வைத்தது. நியூ காசில் என்ற ஊரில் இன்றைக்கும் இருபதாயிரம் பேர் கிடையாது. 1959-இல் திறந்த அவர்களுடைய பள்ளி அரங்கத்தில் எட்டாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். ஆண்டர்சன் நகரத்தின் 'விக்வாம்' அரங்கத்தில் ஏறக்குறைய ஒன்பதாயிரம் பேர் உட்கார இடம் இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் ஆடுகிற ஆட்டத்துக்கு!

இப்போது ஒரு சின்னக் கணக்கு. மைலன் கோப்பைக்குப் போக ஒன்பது ஆட்டங்கள் வரிசையாக ஜெயிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயிக்க 80 சதவீத வாய்ப்புள்ள ரொம்பப் பலமான அணி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பதையும் ஜெயிக்கும் வாய்ப்பு 13 சதவீதம்தான். 60 சதவீதம் என்றால் நூற்றில் ஒன்று. அதாவது நாக்-அவுட்டில் 'சிறந்த அணி' ஜெயிப்பது அவ்வளவு நிச்சயமில்லை. அதே சமயம், சுமாரான அணி குருட்டு அதிர்ஷ்டத்தில் ஜெயிப்பதும் கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

இந்தக் கணக்கோடு மைலனைத் திரும்பப் பார்த்தால் கதை கொஞ்சம் மாறும். அது திடீரென்று முளைத்த அணி இல்லை. முந்தைய வருடம், 1953-லேயே கடைசி நாலு அணிகளில் ஒன்றாக வந்துவிட்டார்கள். பயிற்சியாளர் மார்வின் வுட்டுக்கு அப்போது வயது 26. ஆஸ்குட், வெர்சேல்ஸ் மாதிரி பக்கத்து ஊர்களை செக்ஷனலில் தாண்டி, படிப்படியாக மேலே வந்து, மார்ச் 20 அன்று பட்லர் ஃபீல்டுஹவுஸில் மன்சி சென்ட்ரல் என்ற பெரிய பள்ளியைச் சந்தித்தார்கள். கடைசிக் கால் பகுதியில் பாபி பிளம்ப் நாலு நிமிடத்துக்கும் மேல் பந்தை அப்படியே கையில் வைத்துக்கொண்டு நின்றார். இத்தனை வினாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற விதி அப்போது இல்லை. கடைசி நொடிகளில் அவரே எறிந்த பந்து உள்ளே போக, 32-30. ஒன்பதாயிரம் பேர் உட்காரும் பள்ளி அரங்கம் கட்டிய மாநிலத்தில் இந்த 32-30 எப்படிப் புராணமாக ஆனது என்று விளக்க வேண்டியதில்லை.

ஆனால் புராணம் என்றால் புராணம்தான். அதற்குப் பிறகு 1997 வரை நாற்பத்து மூன்று வருடங்கள் அதே முறை தொடர்ந்தது. மைலன் அளவு சின்னப் பள்ளி ஒன்றுகூடத் திரும்பக் கோப்பை வாங்கவில்லை. கிட்டத்தில் வந்தவர்கள் உண்டு. லூகூட்டி 1975-இல் இறுதி ஆட்டம் வரை வந்து மேரியனிடம் தோற்றது. அவ்வளவுதான்.

மைலன் ஜெயித்த அதே தொடரில் இன்னொரு கதையும் இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. செமி-ஸ்டேட் கடைசி ஆட்டத்தில் மைலன் 65-52 என்று வென்றது இண்டியானாபொலிஸின் கிறிஸ்பஸ் அட்டக்ஸ் பள்ளியை. அந்த அணியில் ஆஸ்கர் ராபர்ட்சன் என்ற பையன் இருந்தான். பின்னாளில் உலகத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவராக எண்ணப்பட்டவர்.

அட்டக்ஸ் 1927-இல் திறக்கப்பட்டது. நகரத்தின் கறுப்பின மாணவர்களை மற்ற உயர்நிலைப் பள்ளிகளிலிருந்து பிரித்து, ஒரே இடத்தில் வைப்பதற்காகவே கட்டிய பள்ளி அது. மாநிலத் தொடரை நடத்தும் உயர்நிலைப் பள்ளி விளையாட்டுச் சங்கம் அதை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளவில்லை. சொன்ன காரணத்தைக் கேளுங்கள்: எல்லாரும் சேரக்கூடிய பொதுப்பள்ளிகளுக்குத்தான் இடமாம், அட்டக்ஸில் கறுப்பினத்தவர் மட்டும்தானே படிக்கிறார்கள்! வேறு பள்ளிக்குப் போகக் கூடாது என்று அவர்களை அங்கே தள்ளியதும் வெள்ளையர்தான், தள்ளியதையே காரணம் காட்டிக் கதவை மூடியதும் வெள்ளையர்தான். கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் அப்போது இடமில்லை. 1942-இல்தான் இந்தத் தடை போனது. அப்படியானால் 1911-இல் கிராஃபோர்ட்ஸ்வில் வாங்கிய முதல் கோப்பையிலிருந்து முப்பது வருடங்கள் 'எல்லாரும் ஆடும் தொடர்' என்று பெருமையடித்துக்கொண்டது எல்லாரும் ஆடாத தொடர்தான்.

அந்தக் காலத்தில் சங்கத்தைத் தன் பிடியில் வைத்திருந்தவர் ஆர்தர் டிரெஸ்டர். மாநில இறுதியில் நல்ல மனப்பான்மைக்காக ஒரு மாணவருக்குக் கொடுக்கும் விருது இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. 1954-இல் அதை வாங்கியவர் பாபி பிளம்ப்.

அட்டக்ஸுக்குப் போட்டி ஆட்டம் நடத்தத் தகுதியான சொந்த அரங்கம் கிடையாது. சொந்த அரங்கம் இல்லாவிட்டால் செக்ஷனலை வீட்டில் ஆடும் பேச்சே இல்லை. பயிற்சியாளர் ரே குரோ அந்தப் பையன்களைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்த்தான் ஆடினார். 1955 செமி-ஸ்டேட்டில் மன்சி சென்ட்ரலை 71-70 என்று ஒரு புள்ளியில் தாண்டினார்கள். இறுதியில் கேரி ரூஸ்வெல்ட்டை 97-74 என்று தோற்கடித்தார்கள். கேரி ரூஸ்வெல்ட்டும் கறுப்பினப் பள்ளிதான். எல்லாப் பள்ளிகளும் ஆடும் ஒரு மாநிலக் கோப்பையை ஒரு கறுப்பினப் பள்ளி வென்றது நாட்டிலேயே அதுதான் முதல் முறை. இண்டியானாபொலிஸ் நகரத்துக்கே அதுதான் முதல் கோப்பை. அடுத்த வருடம் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் திரும்பவும் வாங்கினார்கள்.

ஜெயித்த அணியை நகரின் நடுவிலுள்ள நினைவுச்சின்னச் சதுக்கத்துக்குக் கூட்டிப்போய்க் கொண்டாடுவது வழக்கம். 1955-இல் அட்டக்ஸ் பையன்களைத் தீயணைப்பு வண்டியில் ஏற்றி, சதுக்கத்தை ஒரு சுற்று சுற்றவிட்டு, கறுப்பினத்தவர் குடியிருப்புப் பக்கமுள்ள நார்த்வெஸ்டர்ன் பூங்காவுக்கு ஓட்டிப்போய்விட்டார்கள். மிச்சக் கொண்டாட்டம் அங்கேதான். ராபர்ட்சன் அதைக் கடைசிவரை மறக்கவில்லை. அறுபது வருடம் கழித்து, 2015-இல், நகரத்தின் பெரிய அணிவகுப்பில் அந்த அணியினரை முன்னால் அழைத்துப் போனார்கள்.

சரி, 1997-க்கு வருவோம். அந்த வருடத்தோடு ஒற்றைக் கோப்பை முறை முடிந்தது. மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பள்ளிகளை நாலு பிரிவாக்கி, நாலு கோப்பை என்று ஆக்கினார்கள். ஆதரித்தவர்கள் சொன்னது எளிமையானது: ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் படிக்கும் பள்ளியோடு இருநூறு பேர் படிக்கும் பள்ளியை மோதவிடுவது என்ன நியாயம்? எதிர்த்தவர்கள் மைலன் படத்தைத் தூக்கிக் காட்டினார்கள். பிளம்ப்பே எதிர்ப்பு அணியில் முன்னால் நின்றார். முதல் இரண்டு வருடம் நாலு சாம்பியன்களையும் மறுபடி மோதவிட்டுப் பார்த்தார்கள், அது எடுபடவில்லை. 2012-இல் ஊர் ஊராகக் கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்டார்கள். பிரிவு முறைதான் இன்றைக்கும் தொடர்கிறது.

என்னைக் கேட்டால், மைலனைச் சாட்சிக்கு அழைத்ததுதான் எதிர்ப்பாளர்கள் செய்த தப்பு. நாற்பத்து மூன்று வருடத்தில் திரும்ப நடக்காத ஒன்றை வைத்து எப்படி வாதாடுவது? சின்னப் பள்ளிகள் இழந்தது மாநிலக் கோப்பையை அல்ல. அது அவர்களுக்கு அரிதாகத்தான் கிடைத்தது. இழந்தது செக்ஷனலை. பிரிவு வந்ததும், எட்டு மைல் தள்ளியிருக்கும் டவுன் பள்ளி வேறு பிரிவுக்குப் போய்விட்டது. அதற்குப் பதிலாக, ஒரு மணி நேரம் பஸ்ஸில் போய், யாரென்றே தெரியாத ஊரோடு ஆட வேண்டியிருக்கிறது. மளிகைக் கடையிலும் சர்ச்சிலும் தினம் முகம் பார்க்கிறவனைத் தோற்கடிப்பதில் இருந்த ருசி இதில் எப்படி வரும்?

இதற்கு மறுப்பும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். பக்கத்து ஊர்ச் சண்டை 1997-க்கு ரொம்ப முன்னாலேயே பாதி செத்துவிட்டது. 1959-இல் வந்த பள்ளி மறுசீரமைப்புச் சட்டத்துக்குப் பிறகு சின்னப் பள்ளிகளை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போனார்கள். மைலன் காலத்தில் எழுநூறுக்கு மேல் இருந்த பள்ளிகள், ஒற்றைக் கோப்பை முடியும்போது நானூறுக்கும் கீழே. 1990 இறுதி ஆட்டத்தை 41,046 பேர் நேரில் பார்த்தார்கள். கோப்பையை வாங்கிய பெட்ஃபோர்ட் நார்த் லாரன்ஸ், பல ஊர்ப் பள்ளிகளை இணைத்து 1974-இல் உருவான பள்ளி. கடைசி 11 புள்ளிகளையும் தானே போட்டு ஜெயிக்க வைத்த டேமன் பெய்லியின் ஊர் ஹெல்டன்வில். அந்த இணைப்பில் தன் உயர்நிலைப் பள்ளியைப் பறிகொடுத்த ஊர்களில் அதுவும் ஒன்று.

பிரிவு முறையின் கணக்கும் சரியாக வரவில்லை. மாணவர் எண்ணிக்கை குறைவு, ஆனால் ஆட்டம் பிரமாதம் என்று சில பள்ளிகள் கீழ்ப்பிரிவில் கோப்பைகளை அள்ளிக்கொண்டே போக, 2010-களில் இன்னொரு விதி சேர்த்தார்கள். செக்ஷனல் ஜெயித்தால் 1 புள்ளி, ரீஜனல் 2, செமி-ஸ்டேட் 3, மாநிலம் 4. இரண்டு வருடக் கணக்கில் புள்ளி அதிகமானால் மேல்பிரிவுக்குத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். தலையை எண்ணிப் பலத்தை அளக்க முடியாது என்று சங்கமே ஒப்புக்கொண்ட மாதிரி.

ஒன்று மட்டும் இத்தனை மாற்றத்திலும் மாறவில்லை. இப்போதும் பிரிவுக்குப் பதினாறாக 64 செக்ஷனல்கள். இப்போதும் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத பள்ளிக்கு இடம் உண்டு.