டோக்கியோவில் வழி கேட்க

வேலை நிமித்தமாக டோக்கியோ போகிறவர்களை முதலில் திகைக்க வைப்பது முகவரிதான். அங்கே பெரும்பாலான தெருக்களுக்குப் பெயர் கிடையாது. வட்டாரம், மனைத்தொகுதி, கட்டடம் என மூன்று எண்களைக் கோத்து எழுதிவிடுவார்கள். பழக்கமில்லாதவர் அதை வைத்துக்கொண்டு இடத்தைக் கண்டுபிடிப்பது கடினம்.

அதற்குத்தான் கோபான் இருக்கிறது. ரயில் நிலையங்களுக்குப் பக்கத்தில் நிற்கும் சின்னஞ்சிறு போலீஸ் சாவடி அது. முகவரி எழுதிய சீட்டை நீட்டினால், காவலர் வட்டார வரைபடத்தில் விரல் வைத்து வழி காட்டுவார். ஊருக்குப் புதியவர் தயங்காமல் போகலாம். வழி சொல்வதும் காவலர்களுடைய அன்றாட வேலைதான்.

வந்த வேலை முடிந்து நேரம் மிஞ்சினால் யாமனோத்தே ரயிலில் ஏறலாம். நகரின் நடுப்பகுதியைச் சுற்றும் வட்டப்பாதை, 30 நிலையங்கள். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். உவேனோவில் இறங்கினால் பூங்காவும் தேசிய அருங்காட்சியகமும் நடந்தே போகும் தூரம். காலை அலுவலக நேரத்து நெரிசலை மட்டும் தவிர்ப்பது நல்லது.